டெங்கு இல்லை... ஆனாலும் பிளேட்லெட் குறையுதா? கல்லீரல் பிரஷரைக் குழாய் விடாமலே கண்டுபிடிக்கலாம்!

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. சிதம்பரத்தில் இருக்கும் அப்பா மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்திருக்கிறார். போட்டோ கொஞ்சம் மங்கல்தான். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. பிளேட்லெட் 96,000. அடுத்த நிமிடமே அத்தையின் வாய்ஸ் மெசேஜ்: “டெங்குவா இருக்கப்போவுது, பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லு.”

அப்பாவுக்கோ காய்ச்சலே இல்லை. காலையில் தேர் வீதிகளைச் சுற்றி வாக்கிங் போய்விட்டு வந்துதான் போட்டோவையே அனுப்பியிருக்கிறார். சுகர் உண்டு, ‘கொஞ்சம் ஃபேட்டி லிவர்’ உண்டு. ‘எப்பவாவது’ குடிப்பார் என்று அம்மா சொல்வார். அந்த ‘எப்பவாவது’க்கு என்ன கணக்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

காட்சி கற்பனைதான். ஆனால், உங்களில் பலருக்கு இது அறிமுகமானதாகத்தான் இருக்கும். நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல்லை டெங்குதான் பிரபலமாக்கியது. அதனால், குறைந்தாலே கொசுவைத்தான் தேடுகிறோம். டெங்குவில் பிளேட்லெட் சில நாள்களில் விழும், சில நாள்களில் எழும். காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குக் கீழேயே நிற்கிறது, கூடவே கல்லீரல் பிரச்னையும் இருக்கிறது என்றால் கதை வேறு. அந்த ரிப்போர்ட், வயிற்றுக்குள் ஒரு ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டிருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இதற்குப் பெயர் ‘போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்’. கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பி.பி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையில் 120/80 என்று காட்டும்போதே உள்ளே இது எகிறிக்கொண்டிருக்கலாம்.

வீராணம் ஏரியும் வயிறும்

குடல், வயிறு, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ‘போர்ட்டல் வெயின்’ என்ற பெரிய குழாய் அதைச் சேர்த்து முதலில் கல்லீரலுக்குள் விடுகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. கல்லீரல் ஸ்பான்ஜ் போல மெத்தென்று இருக்கும்வரை ரத்தம் சுலபமாக ஊடுருவிப் போய்விடும். மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், பல வருடக் கொழுப்பு என்று ஏதோ ஒன்று கல்லீரலைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டால்? ரத்தம் போக வழி குறுகும். பின்னால் அழுத்தம் ஏறும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 47.5 அடி. வரத்து அதிகமாகி, வடிய வழியில்லை என்றால் உபரி நீரை வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுவார்கள். ஓடையும் தாங்காதபோது என்ன ஆகும் என்பது லால்பேட்டைப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உடம்பும் இதையேதான் செய்கிறது. கல்லீரல் வழி அடைபட்டதும், உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையிலும் இருக்கும் நூல் மாதிரி ரத்தக்குழாய்களில் உபரி ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. அவை இவ்வளவு ரத்தத்துக்காக உருவானவை இல்லை. புடைத்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் ‘வேரிசஸ்’ என்கிறார்கள். ஒருநாள் அதில் ஒன்று வெடித்தால் ரத்த வாந்தி. இன்றைய சிகிச்சை எல்லாம் கிடைத்தும்கூட, அப்படி ஒருமுறை ரத்தம் கொட்டியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் ஆறு வாரங்களுக்குள் இறந்துபோகிறார்கள்.

வெடிப்பதற்கு முந்தைய நாள்வரை அவர்களில் பலருக்கு வலி, காய்ச்சல் எதுவும் இருந்திருக்காது. பயப்பட வேண்டியது இந்த அமைதிக்குத்தான்.

மண்ணீரல் கதையும் இங்கேதான் வருகிறது. மண்ணீரலின் ரத்தமும் அதே போர்ட்டல் குழாயில்தான் வடிய வேண்டும். வடியவில்லை என்றால் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் தயாரிக்கத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் பெரும்பாலும் கல்லீரல்தான், அதுவும் குறைந்துபோகும். இப்போது அந்த 96,000-ஐ மறுபடி பாருங்கள். பப்பாளி இலைக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

நேராக அளந்தால் என்ன?

அளக்கலாம். கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தைத் தாண்டி, கல்லீரலிலிருந்து வெளியேறும் குழாய்க்குள் கொண்டுபோய், சின்ன பலூனால் அடைத்து அழுத்தத்தைப் பார்ப்பார்கள். பலூன் அடைத்தபோது ஒரு எண், அடைக்காதபோது ஒரு எண். இரண்டுக்குமான வித்தியாசம்தான் விடை. ஆரோக்கியமான உடம்பில் 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரச அளவு. 10-ஐத் தொட்டால் ‘கவனிக்க வேண்டிய போர்ட்டல் பிரஷர்’. 12-ஐத் தொட்டால் ரத்தக்கசிவுக்கான ஆபத்து. 1950-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிற, இன்றும் உரைகல்லாக இருக்கிற முறை இது.

ஆனால் இதற்கு எக்ஸ்ரே அறை வேண்டும், கை தேர்ந்த டாக்டர் வேண்டும், பணம் வேண்டும். பெரிய மையங்களிலேயே எல்லா இடத்திலும் செய்வதில்லை. புவனகிரியில் மளிகைக்கடை வைத்திருப்பவரையும் பரங்கிப்பேட்டையில் வலை பின்னுபவரையும் இதற்காக அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

எண்டோஸ்கோப்பி இன்னொரு வழி. வாய் வழியாக கேமராவை விட்டு வேரிசஸ் இருக்கிறதா என்று நேரிலேயே பார்த்துவிடலாம். நல்ல பரிசோதனைதான். ஆனால் கல்லீரல் சுருங்க ஆரம்பித்து, இன்னும் வயிற்றில் நீரோ மஞ்சள்காமாலையோ வராத நிலையில் இருப்பவர்களில் 30-40 சதவிகிதம் பேருக்குத்தான் வேரிசஸ் இருக்கும். மீதிப்பேர் குழாயை விழுங்கியது வீண்தான். ‘எண்டோஸ்கோப்பியா, அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் அப்பாக்கள் பற்றி உங்களுக்கே தெரியும்.

ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்க்க யாரும் கரையை வெட்டுவதில்லை. வெளியில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்க்கிறோம். கல்லீரலுக்கும் அப்படி வெளியில் சில அளவுகோல்கள் உண்டு. அவற்றில் பாதி, ஏற்கெனவே உங்கள் போன் கேலரியில் இருக்கிறது.

கேலரியில் இருக்கும் துப்புகள்

முதலில் பிளேட்லெட். ஒருமுறை குறைந்திருந்தால் திரும்ப ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரத்தம் எடுத்த குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்து எண்ணிவிடும். பி12 குறைபாடு, சில மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி வரிசையாக வைத்துப் பாருங்கள். 2019-ல் 2.1 லட்சம், 2022-ல் 1.5 லட்சம், இப்போது 96,000 என்று படிப்படியாக இறங்கியிருந்தால், அந்த வரிசை எந்த ஒற்றை ரிப்போர்ட்டையும்விட அதிகம் பேசும். லேப் மாறி மாறி எடுத்திருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது வயிற்று ஸ்கேன். கடைசியில் இருக்கும் ‘இம்ப்ரெஷன்’ வரியை மட்டும் படித்து மூடிவைத்துவிடாதீர்கள். ‘ஸ்ப்ளீன்’ என்று இருக்கும் இடத்தில் எத்தனை சென்டிமீட்டர்? பெரியவர்களுக்கு 12-13 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் என்பார்கள். கல்லீரல் பக்கத்தில் ‘கோர்ஸ் எக்கோடெக்ஸ்சர்’ என்றோ, ‘ஸர்ஃபேஸ் நோடுலாரிட்டி’ என்றோ இருந்தால் கல்லீரல் சொரசொரப்பாகிவிட்டது என்று பொருள். போர்ட்டல் வெயின் 13 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதும் ஒரு சமிக்ஞை. ‘கொலேட்டரல்ஸ்’ என்று எழுதியிருந்தால் சமிக்ஞை என்றுகூடச் சொல்ல வேண்டாம், உபரி ஓடை திறந்தாகிவிட்டது என்றே அர்த்தம்.

மூன்றாவதாக, லிவர் ஃபங்ஷன் டெஸ்ட். பெரிய ஏமாற்றுக்காரர் இவர்தான். ‘எல்.எஃப்.டி நார்மல் சார்’ என்று நிம்மதியாக எழுந்துபோகிறவர்கள் ஏராளம். எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி என்ற இரண்டும், கல்லீரல் செல்கள் இன்றைக்கு எவ்வளவு சேதமாகின்றன என்பதைத்தான் காட்டும். இதுவரை சேர்ந்த தழும்பு எவ்வளவு என்பதைக் காட்டாது. கல்லீரல் முழுக்கச் சுருங்கிப் போனவருக்கும் இரண்டும் நார்மலாக இருக்கலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. போனில் கால்குலேட்டரைத் திறங்கள். பெயர் ‘ஃபிப்-4’. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி-யையும் பெருக்குங்கள். தனியாக, பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு, எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள். நம் கற்பனை அப்பாவுக்கு வயது 54, எஸ்.ஜி.ஓ.டி 44, எஸ்.ஜி.பி.டி 36. இரண்டு என்சைமும் கிட்டத்தட்ட நார்மல். 54 பெருக்கல் 44, 2,376. கீழே 96 பெருக்கல் 6, 576. விடை 4.1. பொதுவாக 1.3-க்குக் கீழே இருந்தால் மோசமான தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘நார்மல்’ எல்.எஃப்.டி-க்குப் பின்னால் 4.1 ஒளிந்திருந்தது பாருங்கள்.

இதை உங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வேலை செய்யாது. அதோடு, இது சொல்வது தழும்பைப் பற்றி, அழுத்தத்தைப் பற்றி அல்ல.

அழுத்தத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு கணக்கை 2003-ல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மண்ணீரலின் நீளத்தால் (மில்லிமீட்டரில்) வகுப்பது. 909-க்குக் கீழே வந்தால் வேரிசஸ் இருக்கலாம். அப்பாவின் மண்ணீரல் 14.2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 96,000 வகுத்தல் 142, சுமார் 676. பின்னர் வந்த ஆய்வுகளில் இந்த 909 எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தவில்லை. அதனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். சின்ன ஊரிலும் கிடைக்கிற ஒரு ரத்த டெஸ்ட், ஒரு ஸ்கேன், இவ்வளவுதான் இதற்குத் தேவை. யாரை முதலில் பெரிய டாக்டரிடம் அனுப்புவது என்று முடிவு செய்ய இது போதும்.

தட்டிப் பார்க்கும் மெஷின்

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்ததா, காயா என்று சொல்லிவிடுவார்கள் பண்ருட்டி வியாபாரிகள். 2000-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் உருவான ‘ஃபைப்ரோஸ்கேன்’ செய்வதும் ஏறக்குறைய அதேதான். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து ‘டொக்’ என்று மெல்லத் தட்டுவார்கள். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மெஷின் பார்க்கும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறதோ, அதிர்வு அவ்வளவு வேகமாக ஓடும். பத்து முறை தட்டி, நடு மதிப்பை ‘கிலோபாஸ்கல்’ கணக்கில் தருவார்கள். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, பத்து நிமிட வேலை.

வந்த எண்ணை என்ன செய்வது? இதற்கு ‘பவேனோ’ என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். போர்ட்டல் ஹைப்பர்டென்ஷனுக்கான உலக நிபுணர்கள் 1990-ல் அங்கே கூடினார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை கூடி விதிகளைப் புதுப்பிக்கிறார்கள். 2015-ல் நடந்த ஆறாவது கூட்டம்தான் பலரை எண்டோஸ்கோப்பியிலிருந்து காப்பாற்றியது. கல்லீரல் இறுக்கம் 20-க்குக் கீழே, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலே என்றால், ஆபத்தான வேரிசஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எண்டோஸ்கோப்பியை இப்போதைக்குத் தவிர்க்கலாம் என்றார்கள்.

2021-ல் ஏழாவது கூட்டம், கொரோனாவால் ஆன்லைனில் நடந்தது. அதில் விதி இன்னும் எளிதானது. 15 அல்லது அதற்குக் கீழே, பிளேட்லெட் ஒன்றரை லட்சமோ அதற்கு மேலோ என்றால், கவலைப்படும் அளவு பிரஷர் இல்லை. 25 அல்லது அதற்கு மேலே என்றால் பிரஷர் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். நடுவில் மாட்டுபவர்களுக்குத்தான் இழுபறி. அங்கே பிளேட்லெட், ஸ்கேன், மண்ணீரலின் இறுக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து டாக்டர் முடிவெடுப்பார். இன்னொன்று, உடல் பருமன் உள்ள ஃபேட்டி லிவர் நோயாளிகளுக்கு அந்த 25 விதி அப்படியே பொருந்தாது. வழக்கமான ஸ்கேன் மெஷினிலேயே இறுக்கம் பார்க்கும் வசதியும் இப்போது வந்துவிட்டது. ஆனால், அதன் எண்ணும் ஃபைப்ரோஸ்கேன் எண்ணும் ஒன்றல்ல. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

இது எங்கே ஏமாற்றும்?

வயிற்றில் நீர் தேங்கியிருந்தால் (நம் பாட்டிமார் ‘மகோதரம்’ என்பார்களே, அது) ஃபைப்ரோஸ்கேன் அதிர்வு கல்லீரலை எட்டாது. அந்த நிலைக்கு வந்தவருக்கு பிரஷர் இருக்கிறதா என்ற கேள்வியும் கிடையாது. அவருக்கு நேராக எண்டோஸ்கோப்பிதான். மஞ்சள்காமாலை உச்சத்தில் இருக்கும்போதும், நேற்றுவரை தொடர்ந்து குடித்தவருக்கும், இதயம் பலவீனமாக இருப்பவருக்கும் எண் பொய்யாக ஏறும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கல்லீரல் சுருங்காமலே, போர்ட்டல் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது, அல்லது கல்லீரலுக்குள் அதன் நுண்கிளைகள் கெட்டிப்படுவது. மேலை நாடுகளில் அரிதான இவை இந்தியாவில் அவ்வளவு அரிதல்ல. குழந்தைகளுக்கும் இருபதுகளில் இருப்பவர்களுக்கும் வரும். எல்.எஃப்.டி நார்மல், கல்லீரல் இறுக்கமும் கிட்டத்தட்ட நார்மல், ஆனால் மண்ணீரல் மட்டும் பெரிதாக இருக்கும். பவேனோவின் 15-ம் 20-ம் இவர்களுக்குப் பொருந்தாது. ஆக, குடிப்பழக்கமே இல்லாத உங்கள் கல்லூரி நண்பனுக்கு மண்ணீரல் வீக்கம் என்று ஸ்கேன் சொன்னால், ஃபைப்ரோஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. டாப்ளர் ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் தேவைப்படும்.

முன்னாடியே தெரிஞ்சா என்ன லாபம்?

நியாயமான கேள்வி. பதில், இதயத்துக்கும் பி.பி-க்கும் பல காலமாகக் கொடுத்துவரும் ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரைகள். புரோப்ரனலால், கார்வெடிலால் இரண்டும் போர்ட்டல் பிரஷரைக் குறைக்கின்றன. 2019-ல் வெளியான ஒரு ஸ்பானிய ஆய்வில், பிரஷர் ஏறியிருந்தும் இன்னும் சிக்கல் வராத 201 பேரைப் பிரித்து, பாதிப்பேருக்கு இந்த மாத்திரைகளையும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் நீர், ரத்தக்கசிவு போன்ற சிக்கலோ மரணமோ நேர்ந்தது மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவிகிதம், மற்றவர்களில் 27 சதவிகிதம். விலை மலிவான மாத்திரைதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் நாடித்துடிப்பு குறைவாக இருப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம் என்பதால், மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கும் விஷயமில்லை.

மாத்திரையைவிடப் பெரிய மருந்து, காரணத்தை நிறுத்துவது. குடியை முழுவதும் விட்டால் பிரஷர் இறங்குகிறது. ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்று பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே தீர்வு உண்டு. பி வைரஸைக் கட்டுக்குள் வைக்க முடியும். சுகரும் எடையும் அடுத்து. இது ஏதோ சிலருடைய பிரச்னை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் 541 பேரிடம் செய்யப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில், 32 சதவிகிதம் பேருக்கு மதுவால் வராத ஃபேட்டி லிவர் இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் சிரோசிஸ் வரை போகமாட்டார்கள். போகிற சிலரை முன்கூட்டியே பிடிக்கத்தான் இவ்வளவு கணக்கும்.

‘கீழாநெல்லி போதாதா?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேலி செய்யாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’ இதழிலேயே கீழாநெல்லி பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால், அது ஹெபடைட்டிஸ் பி வைரஸைப் பற்றிய ஆய்வு. பிறகு மற்ற நாடுகளில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. போர்ட்டல் பிரஷரை அது இறக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

வீட்டில் கவனிக்க இன்னும் இரண்டு. மூட்டுவலிக்கு என்று கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாதிரியான வலிநிவாரணிகள் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். இரைப்பையில் ரத்தம் கசியவைக்கும், கிட்னியையும் கெடுக்கும். அடுத்து கருவாடு. வயிற்றில் நீர் சேர ஆரம்பித்தவர்களுக்கு உப்புதான் எதிரி, மீன் அல்ல. கடலூர் துறைமுகத்து மீனைக் குழம்பில் உப்பு குறைத்துத் தாராளமாகக் கொடுங்கள், அவர்களுக்குப் புரதம் தேவை. ‘லிவர் பிரச்னை, அதனால் கஞ்சி மட்டும்’ என்று பட்டினி போடுவது உடம்பை இன்னும் இளைக்க வைக்கும்.

எங்கே போவது?

ரத்த டெஸ்ட்டுக்கும் ஸ்கேனுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில், ஊர்க்காரர்கள் இன்னும் ‘ராஜா முத்தையா’ என்றே சொல்லும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இப்போது அரசின் கையில் கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. குடல், கல்லீரல் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். ஃபைப்ரோஸ்கேன் எங்கே, எந்தக் கிழமை என்பதை மட்டும் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று போனாலோ எந்தக் கணக்கும் போடாமல் 108. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுக்கும்தான். ஆனால் கல்லீரல் நோயாளி விஷயத்தில் ‘அதனாலதான் இருக்கும்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

ஃபைப்ரோஸ்கேன் நாளில் அப்பாவை யார் கூட்டிப்போனாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள். டெஸ்ட்டுக்கு முன்னால் குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ந்து எண் தப்பாக ஏறிவிடும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீ, ரெண்டு வடை என்று உட்கார்ந்துவிடுவார். அதை டெஸ்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்து மயங்கிவிடாமல் இருக்க, அன்றைய மாத்திரையை எப்போது போடுவது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், பழையது மேலே, புதியது கீழே.